வேலிக்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து?

மெக்சிகோ எல்லையில் சுவர் எழுப்ப 570 கோடி டாலர் கேட்டார் டிரம்ப். 35 நாட்கள் அரசு அலுவலகங்கள் முடங்கிய பின்னும், 2019 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது 137.5 கோடி மட்டுமே. உடனே தேசிய அவசரநிலையை அறிவித்து, இராணுவக் கட்டுமான நிதியிலிருந்து 360 கோடி டாலரைச் சுவருக்குத் திருப்பினார். 127 திட்டங்கள் பணமிழந்தன. படைவீரர்களின் பிள்ளைகளுக்கான பள்ளியொன்றும் அவற்றில் அடங்கும். தேசபக்தர்களின் படைப்பற்று இவ்வளவுதான்! எதிர்பாராத இராணுவத் தேவை என்ற பெயரில் மேலும் 250 கோடி மாற்றப்பட்டது. நாடாளுமன்றம் மறுத்த செலவுக்கு அவ்வாறு மாற்றலாகாது என்பது சட்டம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஜூனில் அதை உறுதிசெய்தது. எனினும், முந்தைய ஆண்டே உச்சநீதிமன்றம் கட்டுமானத்துக்கு வழிவிட்டிருந்ததால் தீர்ப்புக்கு முன்பே சுவர் வளர்ந்துவிட்டது.

இங்கே நிலை என்ன? 1,643 கிலோமீட்டர் மியான்மர் எல்லை முழுவதும் வேலி அமைக்கப்படும் என 2024 பிப்ரவரியில் அமித் ஷா அறிவித்தார். எல்லை வேலிக்கான நிதி உள்துறையின் மானியத்தில் வருவது. களத்தில் கட்டும் எல்லைச் சாலைகள் அமைப்போ பாதுகாப்புத் துறையின்கீழ் உள்ளது. இரண்டு கணக்குகளும் அங்கே அருகருகே நிற்கின்றன. சட்டம் இயற்றி ஒதுக்காமல் தொகுநிதியிலிருந்து ஒரு காசும் எடுக்கலாகாது என்கிறது அரசமைப்பின் 114(3) பிரிவு. ஒரு மானியத்துக்குள் மறு ஒதுக்கீடு செய்யலாம்; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற அரசுக்கு உரிமையில்லை. பற்றாக்குறை நேர்ந்தால் 115ஆவது பிரிவின்படி துணை மானியம் கோரி அவைக்கே வரவேண்டும்.

எழுத்தில் அரண் வலுவானதே. ஆனால் 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கு மக்களவை விவாதமின்றி, 'கில்லட்டின்' முறையில் ஒப்புதல் தந்தது. பாதுகாப்பு மானியமும் அதில் அடக்கம். எதற்கு ஒதுக்கினோம் என்றே பேசாத அவை, அது எங்கே போயிற்று என்று எப்படிக் கேட்கும்?

பாதுகாப்பு என்றால் பணத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பார்கள். விமானப்படை தரவேண்டிய பாக்கி வராமல், 2019 தொடக்கத்தில் எச்.ஏ.எல். கடன் வாங்கி ஊதியம் வழங்கியதை பெங்களூருத் தொழிலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எல்லையின் இருபுறமும் உறவும் வயலும் கொண்ட மக்களின் சார்பில் மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் 2024இலேயே வேலியை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. அவர்களைக் கேளாமல் வேலிப்பணி தொடரக் கூடாது. வேலியின் முழுச் செலவும், அது எந்தத் துறையின் எந்த மானியத்திலிருந்து வருகிறது என்பதும் தனித் தலைப்பில் அவைமுன் வைக்கப்பட வேண்டும். அக்கோரிக்கையைக் கில்லட்டினுக்கு விடாமல் விவாதித்து வாக்கெடுப்பு நடத்த எதிர்க்கட்சிகள் வற்புறுத்த வேண்டும்.