4.9 கோடி கடிகாரங்கள்

திருவனந்தபுரம் பத்மதீர்த்தக் குளக்கரையில் இருக்கிறது மேத்தன் மணி. மணியடிக்கும்போது இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரர் கன்னத்தில் முட்ட, அவர் வாய் திறக்கும்படி 19ஆம் நூற்றாண்டில் அமைத்த கடிகாரம். ஊருக்கு ஒரே கடிகாரம் இருக்கும்வரை அது சொல்வதுதான் நேரம். இரண்டாவது வந்தால்தான் தகராறு.

ஜப்பானில் 1990இல் வெளிவந்த சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டி உலகெங்கும் 4.9 கோடி விற்றது. பீமாபள்ளி கடைத்தெருவில் வளைகுடாச் சரக்கு குவிந்த காலம் அது. அரபு நாடுகளிலும் நம்மிடமும் இருந்த பால் முறைத் தொலைக்காட்சிக்காகச் செய்த பெட்டிகளில் திரை நொடிக்கு 50 முறைதான் புதுப்பிக்கும், அமெரிக்காவில் 60. அதனால் பல விளையாட்டுகள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. இது தெரிந்தே செய்த வித்தியாசம்.

தெரியாத வித்தியாசம் ஒன்று உண்டு. பெட்டியின் மூளைக்கு நேரம் சொல்வது குவார்ட்ஸ் படிகம். சோனி செய்து கொடுத்த ஒலிச் சில்லுக்கோ தனியாக ஒரு பீங்கான் துண்டு. விலை மலிவு, துல்லியமும் அதற்கேற்ப. அது நொடிக்கு 32,000 ஒலி மாதிரிகள் தர வேண்டும் என்பது வடிவமைப்பு. 2025இல் டாஸ்பாட் என்ற ரோபோவைப் பராமரிக்கும் ஆலன் செசில், பெட்டி வைத்திருப்பவர்களை அளந்து அனுப்பச் சொன்னார். வந்த 143 பதில்களின் சராசரி 32,076. குறைந்தது 31,965, அதிகம் 32,182. இரண்டு கோடி எண்களுக்கும் இடையே சுருதி வித்தியாசம் அரை சுரத்தில் எட்டில் ஒரு பங்குதான். நல்ல காது இருந்தால், இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டால் பிடிபடலாம். பெட்டி சூடானால் எண் எட்டு போலக் கூடுகிறது. வயதானால் கூடுகிறது என்பது செசிலின் சந்தேகம், இன்னும் நிரூபணமாகவில்லை. (முதுமையில் வேகம் கூடுவது மனிதருக்கு வாய்க்காத வரம்.)

இதனால் யாருக்கு நஷ்டம்? டாஸ்பாட்டுக்கு. எந்தப் பொத்தானை எந்தக் கணத்தில் அழுத்த வேண்டும் என்று முன்பே பதிவு செய்ததை அது நிஜப் பெட்டியில் அப்படியே அழுத்தும். ஆனால் ஒலிச் சில்லு தரவை வாங்கி முடிக்கும்வரை மூளை காத்திருக்கும் இடங்கள் உண்டு. அங்கே அறுபதில் ஒரு நொடி பிசகினால், அடுத்து வரும் ஒவ்வொரு தாவலும் பள்ளத்தில்தான்.

பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர்காரர்கள் 32,040 என்று ஒரு சமரச எண் வைத்திருந்தார்கள். வசதியானதுதான். ஆனாலும் பெட்டிகளைச் சேகரித்துப் பாதுகாப்பவர்கள் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியின் சொந்த எண்ணையும் எழுதி வைப்பது நல்லது. அளந்த வருடத்தோடு.