மாடு டைம்டேபிள் பார்த்தா கன்று போடும்?

"மாட்டுக்கெல்லாம் ஆம்புலன்ஸா? கவர்மென்டுக்கு வேற வேலை இல்லையா மக்கா?"

கேன்டீனில் டீ குடிக்கும்போது கூட பி.காம் படிக்கிற ஒருத்தன் கேட்டான். கோட்டார் கம்போளத்துக்குப் பக்கத்தில் வீடு. பாலை பாக்கெட்டில் மட்டுமே பார்த்தவன் :)

விஷயம் இதுதான். 2024 ஆகஸ்டில் தமிழக அரசு 245 நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளை ஓடவிட்டது. 1962-க்கு போன் போடலாம், காசு கிடையாது. மத்திய அரசின் திட்டப்படி ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி. அதில் ஒரு டாக்டர், ஒரு உதவியாளர், ஒரு டிரைவர். (ஒரு லட்சம் கஸ்டமருக்கு ஒரே கவுன்டர் வைத்திருக்கிற பேங்கை நினைத்துப் பாருங்கள்!)

நண்பன் வண்டியே தண்டம் என்கிறான். நான் வண்டி போதாது என்கிறேன். காலையில் கிராமத்தில் முகாம், பிற்பகலில் அவசர அழைப்பு, அதோடு அன்றைய வேலை முடிந்தது. ராத்திரி?

ரெண்டு வருஷம் முன்னால் தோவாளைப் பக்கம் இருக்கிற என் சித்தி வீட்டுப் பசு கன்று போட்டது. மறுநாள் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தது, எழும்பவில்லை. தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. காது ஜில்லென்று இருந்தது. இதற்குப் பால் காய்ச்சல் என்று பேர். பேர்தான் காய்ச்சல், உடம்பு சூடே இருக்காது. பால் இறங்கும்போது ரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து மடிக்குப் போய்விடுவதால் வருவது. ரத்தக்குழாயில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் பல மாடுகள் ஒரு மணி நேரத்திலேயே எழுந்து நின்றுவிடும். விட்டுவிட்டால் விடியும்வரைகூடத் தாங்காமல் போகலாம்.

தெரிந்த டாக்டர் போன் சுவிட்ச் ஆஃப். அவரைக் குறை சொல்லமாட்டேன், பகல் பூரா அலைந்த மனுசன். நாலு மணிக்கு மாடு போய்விட்டது. ஐம்பதாயிரத்துக்கு மேலே கொடுத்து வாங்கியது, கடன் பாக்கி வேறு. சித்தி அழவில்லை, கன்றுக்குட்டிக்குப் பால் யார் வீட்டில் கேட்பது என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

சரி, நண்பனுக்குப் பிடித்த மொழியிலேயே பேசுவோம். திட்டக் கணக்குப்படி ஒரு வண்டியை ஓட்ட வருஷத்துக்கு 18.72 லட்சம். மாதம் 1.56 லட்சம், நாளுக்கு சுமார் 5,200 ரூபாய். பத்து நாள் செலவு 52,000, அதாவது ஒரு பசுவின் விலை. பத்து நாளைக்கு ஒரு மாட்டைக் காப்பாற்றினால் பிரேக் ஈவன்! இதில் அந்த மாடு தினமும் கறக்கிற பாலை நான் சேர்க்கவே இல்லை. ராத்திரிக்கு ஓட்ட வண்டி புதிதாக வாங்கவும் வேண்டாம், பகல் வண்டி சும்மாதானே நிற்கிறது. ஆள் சம்பளமும் டீசலும் மருந்தும்தான்.

"ராத்திரி எந்த டாக்டர் வருவார்?" என்பான். ஒரே டாக்டரை இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டச் சொல்லவில்லையே. 108 ஆம்புலன்ஸ் இங்கே 2008-லிருந்து ராத்திரியும் ஓடுகிறது. ஷிப்டு போட்டுத்தானே ஓடுகிறது? 245-ம் வேண்டாம், மாவட்டத்துக்கு ஒன்று விடட்டும். குமரி மாவட்டம் ஒன்றும் பெரிய கடல் இல்லை.

சித்தி சொசைட்டிக் கடனில் இன்னொரு மாடு வாங்கிவிட்டாள். இப்போது சினை. தொழுவத்துச் சுவரில் மூன்று டாக்டர் நம்பர் கரியால் எழுதி வைத்திருக்கிறாள்.