பெரியம்மா விழுங்கிய மருந்து



பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "வேளை தவறாம முழுங்குறேன்டா" என்று டப்பாவை எடுத்துக் காட்டினார். உள்ளே இருந்தவை விழுங்குகிற மாத்திரைகள் அல்ல. ஒரு சின்னக் கருவிக்குள் போட்டுத் திருகி, பொடியை வாயால் உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூல்கள். மூன்று மாதமாகத் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறார். கருவி, உறை பிரிக்காமல் சாமி மாடத்தில் பத்திரமாக இருந்தது!

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டருக்கு முன்னால் நூறு பேர் வரிசை. வாராவாரம் போனில் பேசும் நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லையே.

பெரியம்மா பீடியைத் தொட்டவரல்ல. நாற்பது வருஷம் விறகும் வறட்டியும் வைத்து ஊதாங்குழலால் அடுப்பு ஊதியவர். புகைபிடிப்பவர்களுக்கு வரும் அதே சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) அடுப்புப் புகையாலும் வரும். 2021இல் உலகம் முழுக்க சுமார் 35 லட்சம் பேர் இந்நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் கிராமங்களில் இதற்குப் பெயர் 'இழுப்பு'. இல்லாவிட்டால் 'வயசாச்சுல்ல'.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பெரும்பாலும் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த, அதே ஊர்ப் பெண்கள். அந்தப் பெண்களுக்கு மூச்சையும் கவனிக்கக் கற்றுக்கொடுத்தால் என்ன என்பதே என் கேள்வி.

பெரிய படிப்பு வேண்டாம். "எப்படி இழுக்கறீங்க, காட்டுங்க பாட்டி" என்று கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இன்ஹேலர் பம்ப் என்றால், அதை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். நடுங்கும் கைக்கு அது வராது, மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே ஸ்பேசர் என்ற கூடு ஒன்றை வைத்தால் தீர்ந்தது. 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த ஸ்பேசர் கடையில் விற்பதைப் போலவே வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர் ஹெதர் ஸார் 1999இலேயே ஆஸ்துமா குழந்தைகளிடம் சோதித்துக் காட்டினார். ஸ்டீராய்டு பம்ப் என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். சளி மஞ்சளாக, பச்சையாக மாறினாலோ மூச்சுத் திணறல் திடீரென்று கூடினாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

மூச்சுப் பயிற்சியும் உண்டு. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரு மடங்கு நேரம் மெல்ல ஊத வேண்டும். பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, "ஊதாங்குழல் பிடிக்கிற மாதிரிதானே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்தில் ஒருநாள் திரையில் படம் காட்டி, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்புவது பயிற்சியாகாது. கையில் பம்ப் கொடுத்துப் பழக்க வேண்டும். செவிலியரோடு நாலு வீடு ஏறி இறங்க வைக்க வேண்டும். சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணமும் தர வேண்டும். 'தன்னார்வலர்' என்ற பெயரும் ஊக்கத்தொகையும் மட்டும் எத்தனை காலத்துக்கு?

உங்கள் வீட்டில் பம்ப்போ உறிஞ்சும் கேப்ஸ்யூலோ பயன்படுத்துபவர் இருந்தால், இன்று இரவு உங்கள் எதிரில் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்