அம்மா தந்த நோட்டும் கொடைக்கானல் பாதரசமும்

2001 மார்ச். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. மொத்தம் 7.4 டன். பாம்பார் சோலைக்கு மேலே இருந்த இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் கழிவு அது. ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர, அந்த மாதமே உற்பத்தி நின்றது.

ஆலை மூடிய பிறகும் பாதரசத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? பதில் நம் செல்லுக்குள் இருக்கிறது.

நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி அடுப்புகள் எரிகின்றன. சாப்பிட்ட சோறும் சுவாசித்த ஆக்ஸிஜனும் சக்தியாக மாறுவது அங்கேதான். அடுப்பு என்றால் புகை இருக்குமே! இங்கே புகை என்பது 'ஃப்ரீ ராடிக்கல்' எனும் முரட்டு மூலக்கூறுகள். அது அளவு மீறினால் அதன் பெயர் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்.

அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு சமையல் குறிப்பு நோட்டும் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்றே உள்ள தனி டி.என்.ஏ. 37 ஜீன்கள்தான், அம்மாவிடமிருந்து நமக்கு வருவது. புகைக்கு அருகில் இருப்பதால் கரி படிவதும் அதிகம்.

கரி படிந்த எழுத்தை வெட்டி எடுத்து, புது எழுத்தை ஒட்ட நொதிகள் இருக்கின்றன. இந்த முறையைக் கண்டறிந்த தாமஸ் லிண்டால், 2015-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பழுது பார்க்க முடியாத அடுப்பைச் செல் அப்புறப்படுத்தும். அதுவும் போதாவிட்டால் செல் தன்னையே அழித்துக்கொள்ளும்.

பாதரசம் கெடுப்பது இந்த ஏற்பாட்டைத்தான். சுவாசிக்கும் பாதரச ஆவியில் சுமார் 80 சதவிகிதம் உடலில் தங்கி மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. கந்தகம் உள்ள மூலக்கூறுகளை அது இறுகப் பற்றிக்கொள்ளும். புகையை அடக்கும் குளூட்டாதயோனில் இருப்பதும் கந்தகம்தான். காவலாளி கட்டுண்டால் புகை கூடும். பழுது பார்ப்பது பின்தங்கும்.

தங்கள் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்றார்கள் தொழிலாளர்கள், நிறுவனம் மறுத்தது. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. அதற்கு முன்பே, 2003-ல், 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டிருந்தது. மண்ணில் மிஞ்சியதை எதுவரை சுத்தம் செய்வது? கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவு போதாது என்பது சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் வாதம். அந்த எண்ணுக்காக ஏன் இத்தனை சண்டை என்று கேட்பவர்களுக்கு அடுப்புக் கதைதான் பதில். செல் தன் நோட்டைச் சரிசெய்துகொண்டே இருக்கும். ஆனால் பாதரசம் வருவது நிற்க வேண்டும்.

வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். வேக்குவம் கிளீனரும் வேண்டாம். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். உருளும் மணிகளைத் தடித்த அட்டையால் சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள். சிங்க்கில் மட்டும் ஊற்றவே கூடாது.