இயல் பகுப்பில் தொடங்குகிறது ஆய்வு

ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு மதிப்பீட்டுக்கு வந்தால் நான் முதலில் திறப்பது பொருளடக்கத்தைத்தான். தமிழ்த்துறையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான்; புறத் தேர்வாளராக இன்னும் ஆய்வேடுகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு நாவலாசிரியரைப் பற்றிய ஆய்வு என்றால் முதல் இயல் ‘ஆசிரியரின் வாழ்வும் படைப்பும்’. அடுத்து கதைக்கரு, அதற்கடுத்து பாத்திரப் படைப்பு, பிறகு சமுதாயச் சிக்கல்கள், கடைசியில் மொழிநடையும் உத்திகளும். ஒவ்வோர் இயலின் முடிவிலும் ஒரு தொகுப்புரை. அந்தத் தொகுப்புரைகளை ஒன்றாக அடுக்கினால் முடிவுரை. ஆசிரியர் பெயரை மட்டும் மாற்றினால் இதே பொருளடக்கம் அடுத்தவர் ஆய்வேட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

மாணவர்களுக்குச் சோம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு, உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாமல், ஊர் ஊராகப் போய் நூலகங்களில் குறிப்பெடுக்கிற பிள்ளைகள் இவர்கள். உழைப்புக்குக் குறைவில்லை. இயல்களை எப்படிப் பகுப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. முன்பு பட்டம் வாங்கிய அக்காவின் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்க்கிறார்கள். அது தேறிய ஆய்வேடு, ஆகவே அதே பகுப்பு. நெறியாளருக்கும் அதுதான் பாதுகாப்பாகப் படுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் கொண்டுவந்தது. 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை; 60 விழுக்காட்டைத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்து. மென்பொருள் வரிகளை ஒப்பிட்டுச் சொல்லிவிடும். ஆனால் அந்தச் சோதனையிலிருந்து விலக்கப்பட்டவற்றில் பொருளடக்கமும் ஒன்று. விலக்கியதில் தவறில்லை, தலைப்புகள் ஒத்துப்போவது திருட்டாகாது. ஆனாலும் சிந்தனையின் வரிசையே இன்னொருவருடையது என்றால், அதைக் கண்டுபிடிக்க மனிதர்தான் வேண்டும். அந்த இடத்தில் தேர்வாளர்களாகிய நாம் கண்டிப்புக் காட்டுவதில்லை என்பதே என் குறை.

முன்னுரையைப் பாருங்கள். ஆய்வு நோக்கம், எல்லை, கருதுகோள், முன்னோடி ஆய்வுகள், அணுகுமுறை, இயல் பகுப்பு என்று எல்லாத் தலைப்புகளும் இருக்கும். கருதுகோள் என்ற தலைப்பின் கீழே, ‘இவருடைய நாவல்களில் சமுதாயச் சிக்கல்கள் இடம்பெற்றுள்ளன என்பது இவ்வாய்வின் கருதுகோள்’ என்ற பாணியில் ஒரு வரி. எந்த நாவலில்தான் இடம்பெறாது? பொய்த்துப்போகவே வழியில்லாத ஒன்று கருதுகோள் ஆகாது. முன்னுரையிலேயே விடை தெரிந்துவிட்டதால், இயல்களுக்கு எடுத்துக்காட்டு திரட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

நான் முனைவர் பட்டக் குழுவில் இருந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அந்த மாணவி சங்கரன்கோவில் சுற்றுவட்டார ஊர்களில் ஒப்பாரிப் பாடல்களைத் திரட்டியிருந்தாள். துக்க வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை நீட்ட மனம் வராமல், பல நாள் கழித்து அந்தப் பெண்களிடமே போய் உட்கார்ந்து கேட்டு எழுதியவை. ஆனால் ஆய்வேட்டு வரைவில் இயல்கள் வழக்கம்போல: உணவு, அணிகலன், நம்பிக்கைகள், உறவுமுறை. அம்மா செத்ததற்கு அழுகிற ஒரு மகளின் பாட்டு அதில் இருந்தது. அம்மா போட்டுவிட்ட தோடு அடகுக்குப் போன கதை, இனிப் பிறந்த வீட்டுக்கு வந்தால் உலை அரிசியை அளந்து போடப்போகும் அண்ணி, கண்டும் காணாமல் நிற்கும் அண்ணன், எல்லாம் ஒரே மூச்சில் வரும். தோடு அணிகலன் இயலுக்குப் போயிருந்தது. அரிசி உணவுக்கு. அண்ணி உறவுமுறைக்கு. ஒரு பெண்ணின் முழு வழக்கும் மூன்று துண்டாகிக் கிடந்தது.

பாட்டை முழுசாக வைக்கச் சொன்னோம். யார் யாருக்காக அழுகிறார்கள் என்று பகுத்துப் பார் என்றோம்: தாய்க்கு அழும் மகள், கணவனுக்கு அழும் மனைவி, அண்ணனுக்கு அழும் தங்கை. அப்படி அடுக்கியதும் மாணவிக்கே புதிதாக ஒன்று தெரிந்தது. தாய்க்கான ஒப்பாரியில் பிறந்த வீட்டுப் பங்கு பற்றிய ஆற்றாமை தலைதூக்கி நிற்கிறது. கணவனுக்கான ஒப்பாரியில் அந்த ஆற்றாமை பங்காளிகள் பக்கம் திரும்பிவிடுகிறது. சாவு வீட்டில், ஊர் கூடியிருக்கும்போது, அழுகைக்குள் வைத்துப் பெண் தன் உரிமையைப் பேசுகிறாள். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு தந்த 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இந்தப் பாட்டுகளில் எட்டிப்பார்த்திருக்கிறதா என்ற கேள்வியும் அவளிடமிருந்தே வந்தது. அவள் கையில் இருந்தவை அதே பாடல்கள்தான். பகுப்பு மாறியதும் ஆய்வு பிறந்தது.

நூலை ஒழுங்குபடுத்துவது நமக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியத்தில் மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல். அதன் பாயிரத்திலேயே ஒரு வாய்மொழித் தேர்வு நடக்கிறது: பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் ஐயம் நீக்கி நூல் வெளிப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், ஒரு நூல் எந்த வழியில் வந்தது, அதன் எல்லை எது, யாருக்காக, என்ன பயன் என்பதையெல்லாம் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டும் என்கிறார். நூலின் பத்துக் குற்றங்களில் கூறியது கூறலும், சென்று தேய்ந்து இறுதலும் உண்டு. பத்து அழகுகளில் முறையின் வைப்பும் ஒன்று.

என்னை மிகவும் கவர்ந்தது அவர் சொல்லும் ஏழு மதங்கள். முன்னோர் கருத்தோடு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு போய்ப் பிறகு களையலாம், இருவர் மாறுபட்டு நின்றால் ஒரு பக்கம் துணியலாம். முன்னோடி ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேண்டுமா? தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முந்திய இளம்பூரணரை எடுத்துக்காட்டிக் காரணத்தோடு மறுக்கிறார். இன்றைய ஆய்வேடுகளிலோ முன்னோடி ஆய்வுகள் என்பது தலைப்பும் ஆண்டும் கொண்ட பட்டியல். ஒருவரோடும் வழக்கு இல்லை.

அறிவியல் துறைகளுக்கு வேறு சிக்கல். அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதி வடிவம் அங்கே நிலைத்துவிட்டது. தேடுபவருக்கு வேண்டியது வேண்டிய இடத்தில் கிடைக்கும், ஆகவே நல்ல வடிவம்தான். ஆனாலும் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார் 1963இல் பிபிசி வானொலி உரையில், விஞ்ஞானி உண்மையில் சிந்தித்த வழியை இந்த வடிவம் மறைத்துவிடுகிறது, விவாதம் முன்னால் வர வேண்டும் என்று வாதிட்டார். நமது கலைப்புல ஆய்வேடுகள் அங்கிருந்து தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டன. சோதனை என்ற உயிர் வந்து சேரவில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ‘வாழ்வும் படைப்பும்’ இயலைக் கட்டாயம் என்று இனி எந்தத் துறையும் வைக்க வேண்டாம். வாதத்துக்குத் தேவையென்றால் இருக்கட்டும், இல்லையென்றால் பின்னிணைப்பில் இரண்டு பக்கம் போதும். முனைவர் பட்டக் குழு கூடும்போது எத்தனை இயல் முடிந்தது என்று கேட்பதோடு நிறுத்தாமல், மூன்றாவது இயல் ஏன் இரண்டாவதற்குப் பிறகு வருகிறது, இடம் மாற்றினால் என்ன கெடும் என்று கேட்க வேண்டும். எதுவும் கெடாது என்றால் அந்தப் பகுப்பை அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டும். ஆய்வேடு எழுதி முடித்து வந்த பிறகு தேர்வாளர் இதை எழுதினால் மாணவர்தான் நொந்துபோவார். முதலாண்டிலேயே, களப்பணிக்குப் போகும் முன்பே, ஒவ்வோர் இயலும் எதை நிறுவப்போகிறது என்று ஒரு முழு வாக்கியத்தில் எழுதி வாங்குங்கள். களத்தில் கிடைப்பது அந்த வாக்கியத்தை மாற்றினால் மாற்றட்டும். மாற்றிய பகுப்பைக் குழு அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பதிவு செய்யட்டும்.