பொறி இருப்பது வெளியே போகும் வாசலில்!



இப்படி ஒரு மகனை நினைத்துப் பாருங்கள். நியூ ஜெர்சியில் கடையில் வேலை. விசிட் விசாவில் போனவன், கெடு முடிந்தும் இரண்டு ஆண்டுகள் தங்கிவிட்டான். பிறகு அமெரிக்கக் குடியுரிமை உள்ள பெண்ணுடன் நிக்காஹ் நடந்தது. கிரீன் கார்டுக்கு மனுப் போட்டாயிற்று. மனு நிலுவையில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது: "உம்மா மௌத்தாப் போயிட்டாங்க!"

அன்றிரவே விமானம் ஏறுகிறான். கபரில் மூன்று பிடி மண் போடுகிறான். வாப்பாவின் கண்ணீரைத் துடைக்கிறான். திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் கதவு அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு மாதமல்ல, ஓராண்டல்ல, 10 ஆண்டுகள்!

என்ன குற்றம் செய்தான்? கெடு தாண்டித் தங்கினான். தவறுதான். அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தத் தவறோடு அவன் உள்ளேயே இருந்தவரை அந்த நாடு அவன் மனுவை வாங்கிப் பரிசீலித்தது. முறையாகச் சோதனைக்கு உட்பட்டு நுழைந்தவரின் கணவனோ மனைவியோ அமெரிக்கக் குடிமக்களாக இருந்தால், கெடு தாண்டியதை மட்டும் காரணம் காட்டிக் கிரீன் கார்டை மறுப்பதில்லை. அதே மனிதன் தாயை அடக்கம் செய்ய வெளியே கால் வைத்தால், அந்தப் பழைய தவறு உயிர்பெற்று எழுகிறது! இது என்ன நியாயம்?

இந்தப் பொறியை வைத்தது 1996 செப்டம்பர் 30 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம். 180 நாட்களுக்கு மேல், ஓராண்டுக்குள் அனுமதியின்றித் தங்கி வெளியேறினால் 3 ஆண்டுத் தடை. ஓராண்டும் அதற்கு மேலும் என்றால் 10 ஆண்டுத் தடை. இந்த நாட்களின் கணக்கு 1997 ஏப்ரல் 1 முதல் தொடங்குகிறது. அது மட்டுமா? முன் அனுமதி இல்லாமல் வெளியேறியதால், நிலுவையில் இருந்த மனுவையே அவன் கைவிட்டதாகக் கருதுவார்கள். பிறகு மன்னிப்பு மனு, அமெரிக்காவில் இருக்கும் மனைவி கடும் துன்பப்படுகிறாள் என்பதற்கு ஆதாரம் என்று அலைய வேண்டும்.

தள்ளிவிடுவது யார்?

பொறியை வைத்தவர்களைச் சாடுவோம். ஆனால் அதில் அவனைப் பிடித்துத் தள்ளுவது யார்? நாம்தான்!

"மனுதான் போட்டாச்சே, ஒண்ணும் ஆகாது தம்பி" என்கிறார் டிக்கெட் விற்கும் ஏஜெண்டு. அவருக்குத் தெரிந்தது கமிஷன். "உம்மாவை விட கிரீன் கார்டு பெரிசா?" என்கிறார் மாமா. பாசத்தில் கேட்கிறார், சரி. அங்கே ஒரு பச்சிளம் பிள்ளை வாப்பா இல்லாமல் 10 ஆண்டு வளர்ந்தால், அந்தப் பாவத்துக்கு மாமா பொறுப்பேற்பாரா? தங்கை கல்யாணத்துக்கு வராதவனை மானங்கெட்டவன் என்று பேசிய ஊர், அவன் வேலையும் வீடும் இழந்து திண்ணையில் உட்காரும்போது சோறு போடுமா?

வழி இல்லாமல் இல்லை, சகோதரர்களே! அதன் பெயர் அட்வான்ஸ் பரோல். ஐ-131 படிவத்தில் மனுச் செய்து, அனுமதி கைக்கு வந்த பிறகே புறப்பட வேண்டும். மனுப் போட்ட ரசீது அனுமதி ஆகாது! மரணம், கடும் நோய் போன்ற அவசரங்களுக்கு விரைந்து தரும்படி ஆதாரத்தோடு கேட்கவும் இடமுண்டு.

2012-ல் ஓர் இந்தியத் தம்பதியின் வழக்கில், அட்வான்ஸ் பரோல் பெற்றுச் சென்று திரும்பியவருக்கு அந்தப் பயணத்தால் 10 ஆண்டுத் தடை விழாது என்று அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது.

ஆனால் இந்தத் தாளும் உத்தரவாதம் அல்ல. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரிக்கு மறுக்கும் அதிகாரம் உண்டு. நாடு கடத்தும் உத்தரவு இருப்பவர் வெளியேறினால், அந்த உத்தரவை அவரே நிறைவேற்றியதாகிவிடும். 2017 ஜனவரி 27 அன்று அதிபர் டிரம்ப் 7 முஸ்லிம் நாட்டவருக்குத் தடை போட்டபோது, கிரீன் கார்டு கையில் வைத்திருந்தவர்களே விமான நிலையங்களில் தவித்தார்கள். கார்டு உள்ளவனுக்கே அந்தக் கதி என்றால், மனு மட்டும் உள்ளவன் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்? ஆகவே உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள், ஏஜெண்டை அல்ல!

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

பாஸ்போர்ட்டில் 10 ஆண்டு விசா குத்தியிருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது வாசலைத் தட்டுவதற்கான காலம். உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 பதிவில் உள்ள தேதி. விசிட் விசாவில் பெரும்பாலும் 6 மாதம்தான். அந்தத் தேதிக்குள் திரும்பிவிட்டால் இந்தப் பொறி உங்களைத் தீண்டாது. நுழையும்போது ஒப்புக்கொண்ட கெடு அது. கொடுத்த வாக்கைக் காப்பது வியாபாரிக்கு அழகு இல்லையா?

பெற்றோர்களே! பிள்ளையை "வா" என்று அழைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "மகனே, திரும்பிப் போக அனுமதித் தாள் கையில் இருக்கிறதா?" இல்லை என்றால், "அங்கேயே இருந்து துஆ செய்" என்று சொல்லும் நெஞ்சுரம் உங்களுக்கு வேண்டும். வராத மகனைப் பழிக்காதிருக்கும் நெஞ்சுரம் நமக்கு வேண்டும்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!