தண்ணீரில் ஓடாத வண்டி

எங்கள் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் எனக்கு நெடுநாளாகப் பழக்கமான ஒருவர் உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை ‘அண்ணாச்சி’ என்பேன். அவரும் என்னை ‘அண்ணாச்சி’ என்பார். திருநெல்வேலிச் சீமையில் இது சகஜம். சொந்தமாக ஒரு பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும். அந்தப் பதினைந்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது.

ஒரு சாயங்காலம் அவர் தம் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு கண்ணாடி ஜாடியில் குமிழி குமிழியாகத் தண்ணீர் கொதிப்பது போல் இருந்தது. பக்கத்தில் ஒருவன் நின்று கொண்டு பிரசங்கம் செய்து கொண்டிருந்தான்.

“நீங்க நாலு எழுத்துப் படிச்சவுக. இதைப் பாத்துச் சொல்லுங்க. தண்ணியை ஹைட்ரஜனாக்கி இன்ஜினுக்குள்ள விட்டா, லிட்டருக்கு நாப்பது சதவீதம் கூடக் கொடுக்குமாம். நாமளே மாட்டிக்கிடலாமாம். பதினெட்டாயிரம் ரூவா. போடலாமா அண்ணாச்சி?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி, நல்லா விசாரிச்சுச் செய்யுங்க” என்றேன்.

இது பொய். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்துவிட்டு, மேற்கொண்டு படிக்காமல் கதை எழுத வந்தவன் நான். அந்த இரண்டு வருஷத்துப் படிப்பே இதற்குப் போதும். தெரிந்தும் சொல்லவில்லை. ஆசையோடு கேட்கிறவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பொல்லாப்புத் தேடிக்கொள்வானேன் என்ற சோம்பேறித்தனமான நாகரிகம். படித்தவர்கள் என்று பெயர் வாங்கிய நம்மிடையே இந்த நாகரிகம் மிகவும் பரவியிருக்கிறது. அவரோ நான் சொன்னபடியே விசாரித்திருக்கிறார். விசாரித்தது பொறியியல் பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரிடம். “ஹைட்ரஜன் எரியும் என்பது சயன்ஸ்தானே! போடும்!” என்று அவர் ஆசீர்வாதம் செய்துவிட்டார். தவணையில் பணம் கட்டி, பானட்டுக்குள் ஜாடியையும் குழாயையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றார் அண்ணாச்சி.

அன்று சொல்லாததை இன்று சொல்லி விடுகிறேன்.

ஹைட்ரஜன் எரியும். யார் இல்லை என்றார்கள்? எரிந்த பிறகு அது என்ன ஆகிறது என்பதல்லவா கேள்வி? தண்ணீர் ஆகிறது. ஆகவே தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டுமானால், விறகு எரிந்தபோது கொடுத்த அவ்வளவு சக்தியையும் யாராவது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 1800-ஆம் வருஷம் நிக்கல்ஸன், கார்லைல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் கணக்கில் ஒரு தம்படி தள்ளுபடி வாங்கியவன் கிடையாது.

காரில் அந்தச் சக்தியைக் கொடுப்பது யார்? மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜினைச் சுற்றுவது பெட்ரோல். ஆக, பெட்ரோல் போட்டுத்தான் பெட்ரோலை மிச்சப்படுத்தப் போகிறோம்! அதுவாவது முழுசாகத் திரும்புகிறதா? இன்ஜினிலிருந்து நூறு பங்கு சக்தியை எடுத்தால், ஆல்டர்னேட்டர் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்தைந்தைக் கொடுக்கும். ஜாடியில் தண்ணீரைப் பிரிக்கும்போது அது முப்பத்தைந்தாகும். அந்த ஹைட்ரஜன் இன்ஜினில் எரிந்து மறுபடி சுழற்சியாகும்போது பத்துதான் மிஞ்சும். நூறு ரூபாய் கொடுத்துப் பத்து ரூபாய் வாங்குகிற வியாபாரம் இது. கந்து வட்டிக்காரன்கூட இவ்வளவு துணிய மாட்டான். கிணற்றில் இறைத்த தண்ணீரைக் கிணற்றிலேயே கொட்டி, அது விழுகிற வேகத்தில் மாடு இல்லாமல் கமலை ஓட்டலாம் என்று ஒருவன் சொன்னால் எங்கள் பக்கத்துச் சம்சாரி அவனை வரப்பிலேயே ஏற்ற மாட்டார். ஜாடியும் வயரும் வைத்துச் சொன்னால் பொறியியல் பட்டதாரி தலையாட்டுகிறார்.

போகட்டும், அந்த ஹைட்ரஜன் இனாமாகவே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும் என்பது விற்கிறவனே பெருமையாகச் சொல்கிற கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் 111 கிராம். அதை முழுவதும் எரித்தாலும் கிடைப்பது ஏறக்குறைய 400 மில்லி பெட்ரோல் தருகிற சக்திதான். அண்ணாச்சியின் காருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு 67 லிட்டர் பெட்ரோல் வேண்டும். நாற்பது சதவீதம் கூடினால் லிட்டருக்கு 21 கிலோமீட்டர். அப்போது 48 லிட்டர் போதும். 400 மில்லியைப் போட்டு 19 லிட்டரை மிச்சம் பிடிக்கிறார்களாம்! நாலாம் வகுப்புப் பையன் போடக்கூடிய இந்தக் கணக்கை ஏன் ஒருவரும் போட்டுப் பார்ப்பதில்லை?

இங்கே விற்பவன் கட்சி மாறுவான். “ஐயா, ஹைட்ரஜனால் வண்டி ஓடுகிறது என்று நான் சொல்லவே இல்லையே! ஹைட்ரஜன் சேர்ந்தால் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிகிறது, அவ்வளவுதான்” என்பான். இது முன்னதைவிடச் சாமர்த்தியமான வாதம். ஆகவே கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். இன்றைய இன்ஜினில் போகிற பெட்ரோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டுப் பங்கு ஏற்கெனவே எரிந்துதான் போகிறது. மீதி இரண்டு மூன்று பங்கை அடியோடு மீட்டாலும் நாற்பது எங்கிருந்து வரும்? பெட்ரோலின் சக்தியில் பெரும்பகுதி வீணாவது வாஸ்தவம். ஆனால் எரியாததால் அல்ல. எரிந்த வெப்பம் புகைக் குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் ஓடிப் போவதால். ஜாடி அதைத் தடுக்காது. அந்த ஜாடி நிமிஷத்துக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் வாயுவை ஊதுகிறது. அதே நிமிஷத்தில் நெடுஞ்சாலையில் ஓடும் இன்ஜின் பல நூறு லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. அண்டா நிறையச் சாம்பாருக்கு ஒரு சிட்டிகை பெருங்காயம் மணக்கும், பசி தீர்க்காது.

இவர்கள் 1977-இல் அமெரிக்காவின் நாஸா வெளியிட்ட ஓர் அறிக்கையை வேறு நெஞ்சில் தட்டிக்கொண்டு காட்டுவார்கள். உண்மையான அறிக்கைதான். பெட்ரோலோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் இன்ஜின் இன்னும் அதிகக் காற்றோடு, இன்னும் மெலிந்த கலவையில் ஓடும் என்பதை ஆராய்ந்தார்கள். ஆனால் அந்த ஹைட்ரஜன் ஸிலிண்டரில் அடைத்து வந்தது. அல்லது மெத்தனாலிலிருந்து தனிச் சாதனம் வைத்து எடுத்தது. ஆல்டர்னேட்டரில் திருடிய மின்சாரத்தில் வந்ததல்ல. இதைச் சொல்லாமல் அறிக்கையின் அட்டையை மட்டும் காட்டுவதற்குப் பெயர் விஞ்ஞானம் அல்ல.

அண்ணாச்சிக்கு முதல் இரண்டு வாரம் நன்றாகவே இருந்தது. “வண்டி பஞ்சு மாதிரிப் போகுது, அண்ணாச்சி! பதினேழு கொடுக்கு!” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தவன் வண்டியை எப்படி ஓட்டுவான்? ஆக்ஸிலேட்டரைப் பூப்போல மிதிப்பான். டயருக்குக் காற்று சரிபார்ப்பான். ஒவ்வொரு லிட்டரையும் எண்ணுவான். அந்த இரண்டு கிலோமீட்டர் அவருடைய கால் சம்பாதித்துக் கொடுத்தது. பெருமை ஜாடிக்குப் போயிற்று. மூன்றாம் வாரம் பழைய பதினைந்து, பிறகு பதினாலு. விற்றவனைக் கூப்பிட்டிருக்கிறார்.

“மொதல்ல இன்ஜின்ல இருக்க கார்பன் எல்லாம் கழியணுமாம். மூணு மாசம் பொறுக்கச் சொல்லுதான்.”

மூன்று மாசம்! பேதி மருந்து கொடுத்த வைத்தியன்கூட இவ்வளவு அவகாசம் கேட்க மாட்டான். பிறகு, புகைக் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் ஸென்ஸாரை ஏமாற்ற ஒரு சின்னப் பெட்டி தனியாக வாங்க வேண்டும் என்றிருக்கிறான். வாயுவோடு பிராணவாயுவும் சேர்ந்து வருவதால், கலவை மெலிந்துவிட்டது என்று எண்ணி வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலை விடுகிறது. அதன் கண்ணைக் கட்ட இந்தப் பெட்டி. கண்ணைக் கட்டி மெலிந்த கலவையிலேயே ஓட்டினால் சூடேறி வால்வு கருகினாலும் கருகும். அதற்கு அவன் ஜவாப்தாரி இல்லை. ஜாடிக்குள் இருப்பது வெறும் தண்ணீருமல்ல. பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கலந்த காரம். கண்ணில் பட்டால் கண் போகும். மேலே நிற்பது ஒரு சிறு பொறிக்குக் காத்திருக்கும் வெடிவாயு. இதைத்தான் ‘வீட்டிலேயே செய்துகொள்ளலாம்’ என்கிறார்கள்.

“பெரிய பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் இதை அமுக்கி வைத்திருக்கின்றன” என்று சொல்கிற ஒரு கூட்டம் உண்டு. இவர்களுக்கு ஒரு தியாகியும் இருக்கிறார்: அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து ஸ்டான்லி மேயர். 22 காலன் தண்ணீரில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வரை தம் வண்டி போகும் என்றார். பேடன்ட்டுகளும் வாங்கினார். (பேடன்ட் என்பது ‘இது என் யோசனை’ என்பதற்குச் சீட்டு, ‘இது வேலை செய்கிறது’ என்பதற்குச் சீட்டல்ல.) பணம் போட்ட இருவர் வழக்குத் தொடர்ந்தார்கள். 1996-இல் நிபுணர்கள் கருவியைப் பார்த்து, இதில் புதுமை ஒன்றுமில்லை, சாதாரண மின்பகுப்புத்தான் என்று சாட்சி சொன்னார்கள். இது அப்பட்டமான மோசடி என்று கூறி, 25,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது கோர்ட்டு. 1998-இல் அவர் மூளை ரத்தக் குழாய் வெடித்துச் செத்தார். விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று பக்தர்கள் இன்றும் சொல்கிறார்கள். தோற்றவன் செத்துப் போனால் தீர்க்கதரிசி ஆகிவிடுகிறான். 2009-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமே, ஐம்பது சதவீதம் மைலேஜ் கூடும் என்று ஹைட்ரஜன் சாதனம் விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டது.

அமெரிக்காவை மட்டும் சொல்வானேன்? எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது ராஜபாளையம். அந்தப் பக்கத்து ராமர் பிள்ளை 1996-இல் தண்ணீரில் மூலிகையைப் போட்டுப் பெட்ரோல் எடுக்கிறேன் என்றபோது நம் பத்திரிகைகள் ஆடிய ஆட்டத்தை மறந்துவிட முடியுமா? டில்லி வரை போய் வந்தது அந்த மூலிகை. டொலுவீன், நாப்தா முதலியவற்றைக் கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்றதாகக் குற்றம் சாட்டிய வழக்கில் 2016-இல் சென்னைக் கோர்ட்டு அவருக்கு மூன்று வருஷத் தண்டனை விதித்தது. இருபது வருஷம்! பொய் புறப்பட ஒரு நாள். தீர்ப்பு வர இருபது வருஷம். சந்தேகப்பட்டவனைத் தமிழ்த் துரோகி என்று ஏசியவர்கள் அதற்குள் வேறு அதிசயத்துக்கு மாலை போடப் போய்விட்டார்கள்.

பொய் சொல்வது என் தொழில். ஆகையால் இதில் எனக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. ஜூல்ஸ் வெர்ன் தம்முடைய ‘மர்மத் தீவு’ நாவலில், 1870-களிலேயே, நாளைக்குத் தண்ணீர்தான் எரிபொருள் என்று ஒரு என்ஜினீயரைப் பேச வைத்தார். ஆனால் அட்டையில் நாவல் என்று போட்டார். யாரிடமும் தவணை வசூலிக்கவில்லை. ஹைட்ரஜனில் ஓடுகிற கார்களை டொயோட்டா 2014 முதல் விற்கவே செய்கிறது. வேறெங்கோ சக்தி செலவழித்துச் செய்த ஹைட்ரஜனை டாங்கியில் அழுத்தி நிரப்பிக்கொண்டு அவை ஓடுகின்றன. செலவை மறைக்காததால் அது விஞ்ஞானம்.

அண்ணாச்சியை ‘பேராசைக்காரன், நன்றாக வேண்டும்’ என்று சிரித்தார் அதே பொறியியல் பட்டதாரி. எனக்கு ஆத்திரம் வந்தது அப்போதுதான். பெட்ரோல் விலை ஏறும்போது வாடகையை ஏற்ற முடியாத ஒரு மனிதர், லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்காதா என்று தேடியது பேராசையா? ஹைட்ரஜன் எரியும் என்பதைச் சொல்லிவிட்டு, தண்ணீர் அதன் சாம்பல் என்பதை விழுங்கியவருக்கு என்ன பெயர்? அவருக்கு மட்டுமென்ன, எனக்கும்தான்.

நான் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு காகிதத்தில் போட்டு அண்ணாச்சியிடம் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார்.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி?” என்றார்.

தவணை இன்னும் நாலு பாக்கி இருக்கிறது.

இந்த ஜாடி விற்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. உருளைமேல் வண்டியை ஓடவிட்டுப் பெட்ரோலை அளந்து சொல்வார்கள். ஜாடியோடு ஒரு தடவை, ஜாடி இல்லாமல் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள். நாற்பது வேண்டாம், பத்து சதவீதம் கூடட்டும், நான் எழுதியதையெல்லாம் இதே பத்திரிகையில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். புனே போக வண்டி வேண்டுமானால் எங்கள் ஸ்டாண்டில் ஒரு டாக்ஸி நிற்கிறது. ஜாடியைக் கழற்றியாயிற்று. லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும்.